நகைப்பின் கூர்முனை: 'மாஷ்' தொடரின் வசையும் குறும்பும்

நகைச்சுவையைப் பற்றிப் பேசுவோர் எதைக் கண்டு சிரித்தோம் என்பதை மகிழ்ந்து சொல்வார்கள். யாரைக் கண்டு சிரித்தோம் என்று கேட்டால் சற்றே தயங்குவார்கள். இத்தயக்கம் பொருளுள்ளது. சிரிப்பு ஒரு மனிதரைக் குறிவைத்து எழும்போது அதனுடன் அறவினா ஒன்றும் எழுகின்றது. உடன்பிறந்தோரை இழித்துரைப்பதைக் கொலை பற்றிய போதனையோடு சேர்த்தே மலைப்பொழிவில் பேசுகிறார் நம் ஆண்டவர். நாக்கைச் சிறு நெருப்புக்கு ஒப்பிட்டு எச்சரிக்கிறது யாக்கோபு திருமுகம். தீயால் வந்த புண்ணைக் காட்டிலும் சொல்லால் வந்த புண் நெடிது நிற்கும் என்று கண்டவர் நம் வள்ளுவர்.

அவ்வாறாயின் வசைமொழியையும் குறும்பையுமே உயிர்மூச்சாகக் கொண்ட ஒரு நகைச்சுவைத் தொடரை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் தனியிடம் பெற்ற 'மாஷ்' என்னும் தொடரை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது பயனுடையது. கூரிய சொற்களை வீசுவதில் அத்தொடருக்கு நிகராகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே. தான் வீசிய சொற்களையே பின்னர் திரும்பி நோக்கிக் கணக்குப் பார்த்த தொடர் என்ற வகையில் அதற்கு நிகரானவை அதனினும் குறைவு.

போர்க்களத்துக் கூடாரம்

கொரியப் போர் 1950 ஜூன் மாதம் தொடங்கி 1953 ஜூலையில் ஓய்ந்தது. அப்போரில் நடமாடும் இராணுவ மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஒருவர், ரிச்சர்ட் ஹூக்கர் என்ற புனைபெயரில் 1968இல் வெளியிட்ட நாவலே இத்தொடருக்கு மூலம். 1970இல் ராபர்ட் ஆல்ட்மன் அதைத் திரைப்படமாக்கினார். 1972 செப்டம்பர் 17 அன்று சிபிஎஸ் நிறுவனம் தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பத் தொடங்கியது. லாரி கெல்பார்ட், ஜீன் ரெனால்ட்ஸ் ஆகியோர் அதனை உருவாக்கி வளர்த்தனர். மூன்றாண்டுப் போரைச் சொல்ல எடுத்துக்கொண்ட தொடர், 11 பருவங்கள் நீடித்து 1983 பிப்ரவரி 28 அன்று நிறைவுற்றது. இறுதிப் பகுதியை 10 கோடிக்கும் மேற்பட்டோர் கண்டனர்.

4077ஆம் மருத்துவமனை என்பது பச்சைக் கூடாரங்கள் சிலவற்றின் தொகுதி. ஹெலிகாப்டரின் ஓசை கேட்டதும் எல்லோரும் ஓடுவார்கள். காயமுற்ற இளைஞர்கள் வந்து இறங்குவார்கள். இரவும் பகலும் அறுவைச் சிகிச்சை நடக்கும். அம்மேசைகளுக்கு இடையில்தான் ஹாக்கை பியர்ஸ் என்னும் மருத்துவரின் நாக்கு ஓயாது சுழல்கிறது. ஆலன் ஆல்டா ஏற்று நடித்த இப்பாத்திரம் படைத்தலைவர்களையும் போரையும் உணவுக்கூடத்துச் சோற்றையும் ஒருசேர எள்ளுகிறது. இரத்தத்தின் நடுவே மனம் பேதலிக்காமல் இருக்க அவருக்குக் கிடைத்த ஒரே மருந்து அந்தச் சிரிப்பு.

ஈண்டு ஒரு செய்தி நோக்கத்தக்கது. பதிவு செய்த சிரிப்பொலியைச் சேர்த்தே ஆகவேண்டும் என்பது நிறுவனத்தின் வற்புறுத்தல்; படைப்பாளர்களுக்கோ அதில் விருப்பமில்லை. இறுதியில் அறுவைக் கூடத்துக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி ஒலிக்காது என்ற உடன்பாடு எட்டப்பட்டது. எங்கே சிரிக்க வேண்டும் என்று எவரும் நமக்குச் சொல்லித் தராத அவ்விடத்தில்தான் ஹாக்கையின் சொற்கள் மிகக் கூர்மையாக வந்து விழுகின்றன. சிரிப்பதா, வாய்மூடுவதா என்பதை நாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

கீரிமூஞ்சியும் அவன் தாயும்

இத்தொடரின் முதல் ஐந்து பருவங்களில் வசையம்புகள் பெரும்பாலும் ஒருவர் மீதே பாய்ந்தன. அவர் மேஜர் ஃபிராங்க் பர்ன்ஸ். லாரி லின்வில் நடித்த இப்பாத்திரத்திடம் குற்றங்களுக்குப் பஞ்சமில்லை. கைத்திறன் போதாத மருத்துவர். தம் பிழையைப் பிறர் தலையில் கட்டுபவர். கொரிய மக்களை இழிவாக எண்ணுபவர். வீட்டில் மனைவியை வைத்துக்கொண்டு இங்கே தலைமைச் செவிலியரோடு உறவாடுபவர். இவ்வளவுக்கும் மேலாக நெறி பற்றிப் பிறருக்குப் போதிப்பவர். ஹாக்கையும் அவர் தோழர் ட்ராப்பர் ஜானும் அவருக்குச் சூட்டிய பெயர் 'ஃபெரட் மூஞ்சி'. ஃபெரட் என்பது கீரியைப் போன்ற ஒரு சிறு பிராணி. கீரிமூஞ்சி என்று நாம் தமிழாக்கிக் கொள்ளலாம்.

வெளிவேடத்தைச் சாடுவதில் தவறென்ன என்று கேட்கலாம். வெள்ளையடித்த கல்லறைகள் என்று பரிசேயரைச் சாடிய குரலை நாம் அறிவோம். பர்ன்ஸின் கவனக்குறைவால் ஒருவனின் உயிர் ஊசலாடும்போது அவர் மேல் வீழும் சொல் தீர்ப்பாகவே ஒலிக்கின்றது. ஆனால் அதே சொல் அவர் உண்ணும்போதும், உறங்கும்போதும், கூடாரத்துக்குள் நுழையும்போதும் வீழ்கிறது. ஒரே கூடாரத்தில் இருவர் சேர்ந்து ஒருவரை நாள்தோறும் எள்ளுவது குற்றத்தைக் கண்டிப்பதன்று. அது ஒரு பழக்கம்.

எழுத்தாளர்களும் இதை உணர்ந்தே இருந்தனர். குடிமயக்கத்தில் இருக்கும் ஒரு தருணத்தில், தமக்கு அப்பெயரை முதலில் வைத்தவர் தம் சொந்தச் சகோதரரே என்று பர்ன்ஸ் சொல்லி விடுகிறார். 1976இல் வெளிவந்த பகுதி ஒன்றில், அவர் விரும்பிய மார்கரெட்டுக்கு வேறொருவருடன் திருமணம் நிச்சயமாகிறது. அதன் முடிவில் பர்ன்ஸ் தம் தாயைத் தொலைபேசியில் அழைக்கிறார். தம்மிடம் நட்புப் பாராட்டியவர் விரும்புவதுபோல் நடிக்க மட்டுமே செய்தார் என்றும், முன்பு அப்பாவும் அப்படித்தானே நடித்தார் என்றும் சொல்கிறார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்க்கு அந்த வரி தொண்டையில் முள்ளாய் நிற்கும்.

ஆயினும் தொடர் அவ்விடத்தில் நிலைகொள்ளவில்லை என்பதே அதன் மேல் நாம் வைக்கவேண்டிய குறை. அடுத்த வாரமே பர்ன்ஸ் மீண்டும் கோமாளியாகிவிடுகிறார். அதே 1976இல், 'அன்புள்ள சிக்மண்ட்' என்று பொருள்படும் தலைப்புடைய பகுதியில், பி.ஜே. ஹன்னிகட் என்னும் மருத்துவர் வான்தாக்குதல் என்று பொய்க்குரல் எழுப்புகிறார். பர்ன்ஸ் தம் பதுங்குகுழிக்குள் பாய்கிறார். குழி நிறைய நீர். குறும்பு கச்சிதமானதே, நாமும் சிரிக்கிறோம். ஆனால் அச்சத்தில் ஓடும் ஒருவரின் அச்சமே அங்கே நகைப்பொருளாகிறது. குறி எளிதாகிவிட்ட இடத்தில் அம்பின் கூர்மைக்கு வேலையில்லை. இதற்கு மேல் இப்பாத்திரத்தைக் கொண்டு செல்ல இடமில்லை என்று கருதிய லின்வில் 1977இல் தொடரைவிட்டு விலகினார். கதையில் பர்ன்ஸுக்குப் பதவி உயர்வும், சொந்த மாநிலமான இந்தியானாவில் வேலையும் கிடைக்கின்றன. எள்ளியவர்கள் போர்க்களத்திலேயே நிற்க, எள்ளப்பட்டவர் ஊர் திரும்புகிறார். தொடரின் மிகச் சிறந்த குறும்பு, எள்ளியவர்கள் மீதே அதன் எழுத்தாளர்கள் ஆடிய இதுதான் எனலாம்.

ஒரு குவளைக் காப்பி

மார்கரெட் ஹூலிஹன் பற்றியும் சொல்லவேண்டும். லோரெட்டா ஸ்விட் நடித்த இத்தலைமைச் செவிலியருக்கு அவர் உடலைச் சுட்டும் பட்டப்பெயர் ஒன்று திரைப்படத்திலும் வழங்கியது. தொடரும் அதைச் சில ஆண்டுகள் சுமந்தது. பெண்ணொருவரின் தொழில்திறனை மறைத்து உடலை முன்னிறுத்தும் ஏளனம் அது. 1976இல் வந்த 'செவிலியர்' என்ற பகுதியில் மார்கரெட் தம் கீழுள்ள பெண்களிடம் வெடித்துப் பேசுகிறார். கண்டிப்பானவர் என்று தம்மை ஒதுக்கிய அவர்கள், ஒரு குவளைக் காப்பிக்குக்கூட ஒருநாளும் தம்மை அழைக்கவில்லையே என்கிறார். எல்லோருக்கும் நகைப்புப் பொருளாக இருந்தவரின் தனிமை அங்கே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பிந்திய பருவங்களில் அப்பட்டப்பெயர் படிப்படியாக மறைந்தது. பெயர் மறைந்ததால் தொடரின் நகைச்சுவை குன்றவில்லை. மார்கரெட்டே பிறரை எள்ளும் வல்லமை பெற்றார். சிரிப்பு முன்னினும் வளமுற்றது.

சமமான எதிரி

பர்ன்ஸின் இடத்துக்கு 1977இல் வந்தவர் சார்லஸ் எமர்சன் வின்செஸ்டர். பாஸ்டன் நகரத்துச் செல்வக் குடும்பத்தவர், ஹார்வர்டில் பயின்றவர், செவ்விசைப் பிரியர். சீட்டாட்டத்தில் தம்மிடம் தோற்ற பணத்தைத் தர மனமில்லாத மேலதிகாரி ஒருவர் அவரை இங்கே தள்ளிவிடுகிறார். டேவிட் ஆக்டன் ஸ்டியர்ஸ் ஏற்ற இப்பாத்திரத்தின் வருகையால் தொடரின் வசைமொழிக்கே புதிய இலக்கணம் பிறந்தது. வின்செஸ்டர் தேர்ந்த மருத்துவர். ஹாக்கையின் ஒரு சொல்லுக்கு மெருகேற்றிய மறுசொல்லை உடனே திருப்பித் தருபவர். அடிபடுபவர் திருப்பி அடிக்க வல்லவராய் இருக்கும்போதுதான் ஏளனம் விளையாட்டாகிறது.

1978இல் வந்த பகுதி ஒன்றில் வின்செஸ்டர் ஓயாமல் பிரெஞ்சு ஹார்ன் என்னும் ஊதுகருவியை வாசிக்கிறார். அதை நிறுத்தும்வரை குளிப்பதில்லை என்று ஹாக்கையும் பி.ஜே.யும் நோன்பு பூணுகின்றனர். இரு தரப்பும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. துன்புறுவது முகாம் முழுவதும்தான். இறுதியில் மற்றவர்கள் ஒன்றுகூடி இருவரையும் நீரைப் பீய்ச்சிக் குளிப்பாட்டுகின்றனர். ஹார்ன் ஒரு ஜீப்பின் சக்கரத்தில் நசுங்குகிறது. இருவருக்கிடையிலான பிடிவாதத்துக்கு ஊரே விலை கொடுப்பது நம் குடும்பங்களும் பங்குகளும் அறியாத ஒன்றன்று.

ஆணவமே உருவான இம்மனிதரிடம்தான் தொடர் தன் ஆழமான உண்மையை ஒப்படைக்கிறது. 1982இல் ஒளிபரப்பான பகுதியில் திக்கிப் பேசும் இளம் வீரன் ஒருவன் மருத்துவமனைக்கு வருகிறான். தோழர்கள் அவனைப் பழிக்கிறார்கள். மேலதிகாரியும் மந்தபுத்திக்காரன் என்று ஒதுக்குகிறார். அனைவரையும் இழித்துப் பேசும் வின்செஸ்டர் இங்கே சீறி எழுகிறார். அவ்வீரனின் அருகில் அமர்ந்து, அவன் அறிவுக்கூர்மை உடையவன் என்று உணர்த்தி, படிக்கப் புத்தகமும் தருகிறார். பின்னர் தம் கூடாரத்தில் தனிமையில், தங்கை ஹொனோரியா பேசி அனுப்பிய ஒலிநாடாவைக் கேட்கிறார். அவளும் திக்கிப் பேசுகிறாள். விளக்கவுரை ஏதுமில்லை. தம்மோடு மோதவல்லவரோடு மோதியவர், மோதவியலாதவனைக் காத்து நிற்கிறார். ஏளனத்தின் எல்லைக்கோடு எங்கே செல்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக வரைதல் அரிது.

பொய்யும் மெய்யும்

வசையிலிருந்து குறும்புக்கு வருவோம். குறும்பு என்பது நடித்துக் காட்டப்படும் பொய். புனித தோமா அக்குவினாரோ பொய்யை மூவகைப்படுத்துகிறார்: விளையாட்டுக்குச் சொல்வது, பிறருக்கு உதவச் சொல்வது, கேடு செய்யச் சொல்வது. மூன்றின் கனமும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொண்டாலும் எதையும் அவர் முற்றிலும் விடுவிக்கவில்லை. 'மாஷ்' தொடரின் குறும்புகளை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

1973இல் வந்த 'டட்டில்' என்ற பகுதி புகழ்பெற்றது. கன்னியர் நடத்தும் அனாதை இல்லத்துக்குப் பொருள்கள் அனுப்ப, டட்டில் என்றொரு கேப்டனை ஹாக்கை கற்பனையில் படைக்கிறார். இல்லாத மனிதருக்குக் கோப்புகள் உருவாகின்றன, சம்பளமும் வருகிறது, அது குழந்தைகளுக்குப் போகிறது. தளபதி அவருக்குப் பதக்கம் அளிக்க வரும்போது வேறு வழியின்றி டட்டில் இறந்ததாக அறிவித்து, ஹாக்கை இரங்கலுரையும் ஆற்றுகிறார். அவரைக் கண்டதேயில்லாத பலர் அவருக்காகக் கலங்குகின்றனர். தாளில் எழுதப்பட்டதை மட்டுமே நம்பும் ஓர் அமைப்பின் மீதான அங்கதம் இது. எவர் முகமும் வாடாமல், பசித்த பிள்ளைகள் பயனடைந்த இக்குறும்பைக் கடிந்துகொள்ள யாருக்கும் மனம் வராது.

அடுத்தது அவ்வளவு எளிதன்று. 1975இல் வந்த பகுதி ஒன்றில், தொல்லை தரும் உளவு அதிகாரி ஃபிளாக்கை அடக்கிவைக்க, நோயில்லாத அவர் குடல்வாலை ஹாக்கையும் ட்ராப்பரும் அறுத்து நீக்கிவிடுகின்றனர். அது வேடிக்கையாகவே காட்டப்பட்டது. 1979இல் 'நோய்த்தடுப்பு மருத்துவம்' என்று பொருள்படும் தலைப்பில் அதே கதை மீண்டும் வருகிறது. தம் வீரர்களைப் பேரளவில் பலியிடும் லேசி என்னும் கர்னலைக் களத்திலிருந்து அகற்ற, அதே சூழ்ச்சியை ஹாக்கை கையாள்கிறார். இம்முறை பி.ஜே. எதிர்த்து நிற்கிறார். நலமான உடலில் கத்தி வைப்பது மருத்துவமன்று, சிதைப்பு என்கிறார். பி.ஜே. பாத்திரத்தை ஏற்ற மைக் ஃபாரல் இக்கதைக்கு எதிர்ப்புத் தெரிவித்ததும், அவருக்கும் ஆல்டாவுக்கும் எழுந்த வாதமே காட்சியாக எழுதப்பட்டதும் பதிவான செய்திகள்.

ஹாக்கை தாம் நினைத்ததைச் செய்து முடிக்கிறார். உடனே வெளியே ஹெலிகாப்டர் ஓசை. மேலும் காயமுற்றோர் வருகின்றனர். ஒரு கர்னலை அகற்றியதால் போர் நிற்கவில்லை. நன்மை விளையுமென்று தீமை செய்யலாமா என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் எழுப்பும் வினா இங்கே கூடாரத்துக்குள் வந்து நிற்கிறது. நான்காண்டுகளுக்கு முன் தான் சிரித்த ஒரு செயலைத் தொடர் மீண்டும் எடுத்துவைத்து, இது சிரிக்கத்தக்கதா என்று தன்னையே கேட்டுக்கொண்டது. கலைப்படைப்பொன்று செய்யக்கூடிய மனச்சான்றுச் சோதனை இது.

கிறிஸ்து பிறப்பு இரவு

1980 டிசம்பரில் ஒளிபரப்பான பகுதியில் இரு இரகசியங்கள் இணைந்து வருகின்றன. அனாதைக் குழந்தைகளுக்கான விருந்துக்கு வின்செஸ்டர் கொடுத்தது அற்பமானது என்று அனைவரும் அவரைப் பழிக்கின்றனர். அவரோ விலையுயர்ந்த சாக்லேட்டுகளை யாரும் அறியாமல் அனாதை இல்ல வாயிலில் வைத்துவிட்டு வந்தவர்; கொடுத்தவர் பெயர் தெரியக்கூடாது என்பது அவர் குடும்ப மரபு. ஆனால் அவை கள்ளச்சந்தையில் விற்கப்பட்டதை அறிந்து வெகுண்டு, இல்லத் தலைவர் சோய் சுங் ஹோவைக் கடிந்துகொள்கிறார். அந்தப் பணத்தில் குழந்தைகளுக்கு ஒரு மாதத்துக்கான அரிசியும் முட்டைக்கோசும் வாங்கியதாகச் சுங் ஹோ சொன்னதும் வின்செஸ்டர் தலைகுனிகிறார். உணவே உண்ணாத குழந்தைக்கு இனிப்பை அளித்த தாமே வருந்தவேண்டியவர் என்கிறார். இதைக் கேட்டுவிட்ட கிளிங்கர் என்னும் கடைநிலை வீரர், மீந்த விருந்தில் ஒரு தட்டை எடுத்துவந்து, இதன் மூலம் யார் என்று சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு அவரிடம் நீட்டுகிறார். நாள்தோறும் வசை பரிமாறிய இருவரும் அன்றிரவு ஒருவரையொருவர் முதற்பெயரிட்டு அழைக்கின்றனர்.

அதே இரவில் பிழைக்க வழியில்லாத வீரன் ஒருவனை பி.ஜே.யும் ஹாக்கையும் மார்கரெட்டும் பிடித்துவைத்துப் போராடுகின்றனர். பண்டிகை நாளிலேயே தந்தை இறந்தார் என்ற நினைவு அவன் பிள்ளைகளை ஆண்டுதோறும் வருத்தக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். அவன் நள்ளிரவுக்கு முன்பே இறந்துவிடுகிறான். ஹாக்கை சுவர்க் கடிகாரத்தின் முள்ளை நகர்த்துகிறார். இறப்பு டிசம்பர் 26 என்று பதிவாகிறது. பொய்யே ஆயினும், இரங்கற்குரிய பொய். அக்குவினார் இதையும் பொய் என்றே எழுதுவார். எழுதும்போது அவர் கை சற்றுத் தயங்கியிருக்கும்.

குருவானவரின் முறை

இம்முகாமின் ஆன்மகுரு மல்காஹி அடிகளாரைக் குறிப்பிடாமல் நமது ஆய்வு நிறைவுறாது. வில்லியம் கிறிஸ்டபர் நடித்த இவரைத் தொடக்கப் பருவங்கள் சற்றே வெகுளியாகக் காட்டின. ஆயினும் குருத்துவத்தை எள்ளும் எளிய வழியைத் தொடர் நாடவில்லை. 1978இல் வந்த கிறிஸ்து பிறப்புப் பகுதியில் அவர் தம் சகோதரிக்குக் கடிதம் எழுதுகிறார். உயிர்காக்கும் மருத்துவர்களுக்கிடையே தாம் பயனற்றவர் என்ற சோர்வு அவரை அழுத்துகிறது. தம்மை அடித்த நோயாளி ஒருவனைத் திருப்பி அடித்துவிட்ட வெட்கமும் உடன் சேர்கிறது. அப்போதும் வின்செஸ்டரின் வாட்டத்தைக் கவனித்தவர் அவரே. வின்செஸ்டரின் தாய்க்கு எழுதி, அவர் சிறுவயதில் அணிந்த கம்பளித் தொப்பியை வரவழைத்துக் கொடுக்கிறார். விருந்தில் ஹாக்கை எழுந்து, எல்லோராலும் கவனிக்கப்படாமல் போகும் அடிகளாரைப் போற்றிப் பேச, முகாமே அமைதி வேண்டி இலத்தீனில் பாடுகிறது. எவரையும் விட்டுவைக்காத நாக்கு ஒரு மனிதரை வாழ்த்தவும் வல்லதாய் இருக்கிறது.

இதுவே இத்தொடரின் பெருமை என்று கருதுகிறோம். குறைகள் உண்டு. கொரிய மக்கள் பெரும்பாலும் பின்புலமாகவே நிற்கின்றனர். பர்ன்ஸுக்கு நீதி கிட்டவில்லை. தொடக்க காலப் பெண்கள் பற்றிய பகடிகள் இன்று காணக் கூசுகின்றன. ஆனால் 11 ஆண்டுகளில் அது மெல்ல வளர்ந்தது. எளியவரை விட்டு வலியவரைக் குறிவைக்கவும், நாவின் வெற்றி முடிந்ததும் எதிரில் நின்றவரின் முகத்தைப் பார்க்கவும் கற்றுக்கொண்டது.

வாசக அன்பர்களே, நம் இல்லங்களிலும் பணியிடங்களிலும் பங்குக் கூட்டங்களிலும் பட்டப்பெயர்கள் உலவுகின்றன. வேடிக்கைக்குத்தானே என்கிறோம். அப்பெயருக்குரியவர் நம்மோடு சேர்ந்து சிரிக்கிறாரா, திருப்பிச் சொல்லும் துணிவு அவருக்கு உண்டா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். இறுதிப் பகுதியில், பிரிவுச் சொல்லை வாயால் சொல்ல மறுத்துவந்த பி.ஜே., ஹாக்கையின் ஹெலிகாப்டர் மேலெழும்போது காணும்படி அதைத் தரையில் கற்களால் எழுதிவைத்துச் செல்கிறார். ஆண்டுக்கணக்கில் குறும்பு செய்த கைகள் கல் கல்லாக அடுக்கிய அச்சொல், நண்பன் ஒருவனுக்கு அளித்த கடைசிக் குறும்பு. அதில் ஏமாற்றப்பட்டவர் எவருமில்லை.